"நீங்கள் ஆடுங்கள், நான் பார்க்கிறேன்": அறுபதுக்குப் பிறகு இந்த வாக்கியத்தை விட்டுவிட ஒரு முழுமையான வழிகாட்டி

காணும் பொங்கல் அன்று பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கினோம். அதற்குள் பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. பிரித்துப் பார்த்தால் என் மாமியாரின் பல்லாங்குழிக் கட்டை. நடுவில் கீல் வைத்து மடக்கும் மீன் வடிவக் கட்டை அது. 14 குழிகளும் பல வருடத்துக் கை எண்ணெய் ஏறி வழுவழுவென்று இருந்தன. 9 வயதுப் பேத்தி அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். தரையில் விரித்து வைத்துவிட்டு, "ஆயா, வா, ஆடலாம்" என்றாள்.

"நீயும் தம்பியும் ஆடுங்கள், நான் பார்க்கிறேன்" என்றேன்.

அப்போது எனக்கு 64 வயது. முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. அடுப்பில் எதுவும் கொதித்துக்கொண்டிருக்கவில்லை. எனக்கு ஆடத் தெரியும். எங்கள் தெருவிலேயே நன்றாக ஆடுகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். ஆனாலும் கேட்ட மறுநொடியே அந்தப் பதில்தான் வாயில் வந்தது. அன்று இரவு படுத்த பிறகு யோசித்தேன். அந்த வாக்கியத்தை எத்தனை வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? ஏலகிரிப் படகுத் துறையில் சொல்லியிருக்கிறேன். அண்ணன் மகள் வளைகாப்பில் கும்மி அடிக்கக் கூப்பிட்டபோது சொல்லியிருக்கிறேன். என் கணவர் இறந்த பிறகு ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன்.

நம் ஊரில் வயதானவர்களுக்கு மரியாதை உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலி போடுவார்கள், காபி தருவார்கள், மின்விசிறியைத் திருப்பிவிடுவார்கள். அதெல்லாம் அன்புதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம், தீர்ப்புச் சொல்லலாம், ஆசீர்வாதம் செய்யலாம். ஆட முடியாது. விளையாட்டுக் குணத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில் மூட்டு வலியை விட இந்த நாற்காலிக்குத்தான் பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன். அதிலிருந்து இறங்கி வர எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தில் கற்றதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு வாரம் உங்கள் பேச்சைக் கவனியுங்கள்

ஒரு சிறு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "நான் பார்க்கிறேன்", "இந்த வயதில் எனக்கு எதற்கு", "நாலு பேர் என்ன சொல்வார்கள்", "காடு வா வா என்கிறது" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். மனதுக்குள் சொன்னாலும் கோடுதான். அதை உடனே நிறுத்த முயல வேண்டாம், எண்ணினால் போதும். என் நோட்டில் முதல் வாரம் 31 கோடுகள் விழுந்தன. அவற்றில் உடம்பு உண்மையிலேயே முடியாமல் சொன்னவை 4.

கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: "உடம்பு" அல்லது "வெட்கம்". இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வாரத்து வேலை. உடம்பு என்று எழுதியவற்றுக்கு வேறு வழி தேட வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். வெட்கம் என்று எழுதியவை அனைத்தும் இன்றைக்கே உங்கள் கையில் இருக்கின்றன.

இந்தப் பேச்சு வெறும் பேச்சுதானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. தம் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள், அப்படி நினைக்காதவர்களை விடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். நினைப்பு மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவே. ஆனால் நம்மைப் பற்றி நாமே தினமும் சொல்லிக்கொள்வதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு எனக்கு இது போதும்.

இரண்டாம் படி: பத்து வயதில் நீங்கள் யார்?

விளையாட்டு என்றதும் எல்லோரும் ஓடுவதை நினைக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஓடியா விளையாடினார்கள்? கில்லிக்குப் போனவன் ஒருவன், கோலிக்குண்டைக் கண் மூடித் திறப்பதற்குள் அடித்தவன் ஒருவன். என் தங்கைக்கு அஞ்சாங்கல். எதிர் வீட்டு அக்காவுக்குச் செப்புச் சாமான் வைத்துச் சோறு பொங்குவது, அதிலும் மாமியார் மாதிரிப் பேசுவது. சிலருக்கு விடுகதை போட்டு மடக்குவதில்தான் ஆனந்தம். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் ஊறி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

அந்த வயதில் நேரம் போவது தெரியாமல் செய்த மூன்று காரியங்களை எழுதுங்கள். ஓட்டமா, கைத்திறனா, போட்டியா, நடிப்பா, பேச்சா, சும்மா வேடிக்கையாக எதையாவது கிளறிப் பார்ப்பதா? உங்கள் ருசி அதில் இருக்கிறது. 60 வயதில் மாறியிருப்பது அளவுதான். ருசி பெரும்பாலும் மாறுவதில்லை. கைத்திறன் பிடித்தவரை நடைப்பயிற்சிக் குழுவில் சேர்த்துவிட்டு, "இவருக்கு எதிலும் ஆர்வம் இல்லை" என்று சொல்வது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அவரிடம் ஒரு பம்பரத்தையும் சாட்டையையும் கொடுத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: தரைக்குப் போய் வரக் கற்றுக்கொள்ளுங்கள்

நம்முடைய ஆட்டங்களில் பாதி தரையில் நடப்பவை. பல்லாங்குழி, தாயம், அஞ்சாங்கல், கோலம் எல்லாமே அப்படித்தான். குழந்தைகளும் தரையில்தான் இருக்கிறார்கள். ஆகவே தரையில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருப்பதுதான் இந்த வழிகாட்டியில் உடம்புக்கு உள்ள மிக முக்கியமான பாடம்.

மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள், எழுந்தால் தலை சுற்றுகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். மற்றவர்கள் இப்படித் தொடங்கலாம். முதல் வாரம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், ஒரு வேளைக்கு 5 தடவை. அடுத்த வாரம் அதைவிடத் தாழ்வான முக்காலி. பிறகு சுவரோரம் இரண்டு தலையணைகளை அடுக்கி அதன் மேல். கடைசியில் பாய். உயரத்தைக் குறைக்க எத்தனை வாரம் ஆனாலும் ஆகட்டும்.

தரையிலிருந்து எழும் முறை தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நேராக எழ முயல வேண்டாம். முதலில் ஒருக்களித்துச் சாயுங்கள். பிறகு இரண்டு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை நிற்பது போல நில்லுங்கள். கனமான, நகராத நாற்காலி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு அதன் மேல் இரண்டு கைகளையும் வையுங்கள். வலுவான காலை முன்னால் ஊன்றி, தொடையால் தள்ளி எழுங்கள். எழுந்ததும் உடனே நடக்காமல் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். தவறி விழுந்துவிட்டாலும், அடி எதுவும் இல்லையென்றால், எழுந்திருக்கும் முறை இதுதான். ஆகவே வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது நாலைந்து தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

அடுத்து நொண்டி. கட்டம் போட்டுக் குதிக்கச் சொல்லவில்லை. சமையலறை மேடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, பால் பொங்குவதற்குள் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். 10 விநாடி தாக்குப்பிடித்தால் நல்லது. பிறகு காலை மாற்றுங்கள். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், அதில் 3 நாட்களாவது நிதானத்தையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடனம், கும்மி, கோலாட்டம், சைக்கிள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கத்திரி சமயத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பங்குனி முதல் ஆனி வரை வெளி ஆட்டங்களைக் காலை 7 மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கோட்டை அகழியை ஒட்டிய நடை அந்த நேரத்துக்கு மிகவும் ஏற்றது. வயதாக ஆகத் தாக உணர்வு குறையும். ஆகவே தாகம் எடுக்கிறதா என்று பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடியுங்கள்.

இந்த ஊரில் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் பிறந்து 1960இல் மறைந்தார். பலரும் ஓய்வுக்குப் போகும் வயதைத் தாண்டிய பிறகும் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தவர் அவர். அவரைப் பற்றி நம் ஊரில் எத்தனையோ சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கையில் இருந்த மட்டைதான் முதலில் ஞாபகம் வரும்.

நான்காம் படி: பல்லாங்குழியில் தொடங்குங்கள்

எத்தனையோ ஆட்டங்கள் இருக்க இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இதற்கு இரண்டே பேர் போதும், ஒரு ஆட்டம் அரை மணியில் முடிந்துவிடும், அந்த அரை மணியில் விரல், கண், கணக்கு, ஞாபகம் எல்லாம் வேலை செய்யும். அதற்கும் மேலே, பேத்தியும் பாட்டியும் சரிசமமாக மோதக்கூடிய ஆட்டம் இது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கட்டை இல்லையென்றால் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பக்கத்துக்கு 7 வட்டம் வீதம் இரண்டு வரிசை போட்டுக்கொள்ளுங்கள். காய்களுக்குப் புளியங்கொட்டை சிறந்தது. விரல் மூட்டு வீங்கியிருப்பவர்கள் சோழியையோ, காய்ந்த பெரிய மொச்சையையோ வைத்துக்கொள்ளலாம், பிடிக்க எளிது. குழிக்கு 5 வீதம் 70 காய்கள். எதிரெதிரே உட்காருங்கள். உங்கள் பக்கத்து 7 குழிகள் உங்களுடையவை.

உங்கள் குழிகளில் ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வலம் வாருங்கள். கைக்காய் தீர்ந்ததும், அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி காலியாக இருந்தால், அந்த வெறுங்குழியை விரலால் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்து உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அத்துடன் உங்கள் முறை முடிந்தது. இரண்டு குழிகள் தொடர்ந்து காலியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. இடையில் எந்தக் குழியிலாவது காய்கள் சேர்ந்து சரியாக 4 ஆகிவிட்டால் அது "பசு". அந்தக் குழி யாருடையதோ அவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டு அதில் ஐந்தாவது விழுந்துவிட்டால் பசு போய்விட்டது. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும்; ஆடுவதற்கு முன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அதிலேயே ஒரு கலகலப்பு இருக்கிறது.

இந்தப் பசுவில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. எதிரி போட்டுக்கொண்டு வரும்போதும் உங்கள் கண் உங்கள் குழிகளை விட்டு அகலக் கூடாது. மூன்று இருக்கும் குழிகள் எவை என்று மனதில் வைத்திருக்க வேண்டும். நான் மறுபடி ஆடத் தொடங்கிய முதல் நாள், பேத்தியின் கை என் மூன்றாவது குழியைத் தாண்டிப் போய்விட்டது. அவள்தான் நிறுத்தி, "ஆயா, பசு" என்று என் பக்கத்துக் குழியைக் காட்டினாள். அடுத்த வாரம் அவள் காட்டுவதற்குள் என் கை போய்விட்டது. மூன்றாவது வாரம் அவள் ஒரு குழியை அள்ளுவதற்கு முன்பே, அவள் எங்கே முடிப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. 12 வயதில் என் விரல்கள் அறிந்திருந்த கணக்கு அது. 50 வருடம் அது எங்கே இருந்தது என்று நான் வியந்துபோனேன்.

75 வயதைக் கடந்த 469 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்த ஒரு நியூயார்க் ஆய்வு 2003இல் வெளிவந்தது. வாசிப்பு, பலகை ஆட்டங்கள், இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு குறைவாகக் காணப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் இதை மருந்து போல எண்ணி, தினமும் இரண்டு ஆட்டம் என்று கடமையாக ஆடாதீர்கள். கடமையாக ஆடும் பல்லாங்குழி வெறும் புளியங்கொட்டைதான்.

நாலு பேர் கூடும் வீட்டில் தாயம் நன்றாகப் பிடிக்கும். இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3. ஒரு கட்டை வெறுமை, மற்றது 1 என்றால் தாயம். அது விழுந்தால்தான் காய் இறங்கும். இரண்டும் வெறுமை என்றால் 12. தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். காதில் வாங்கக் கொஞ்சம் சிரமப்படும் பெரியவர்களுக்கு இது மிகவும் ஒத்துவரும். பேச்சைத் தொடர முடியாதவர்கள்கூட உருளும் கட்டையைப் பார்த்துக் கூவ முடியும். தாத்தாக்கள் இரண்டு பேர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஆடுபுலி ஆட்டத்தைப் போட்டுக் கொடுங்கள். 3 புலி, 15 ஆடு. பழைய கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டத்தைக் கல்லிலேயே கீறி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடு பக்கம் ஆடுகிறவருக்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொன்றாக இறக்கி, புலி நகர முடியாமல் கட்டிவிட வேண்டும். வயதானவர்கள் ஆட்டை எடுத்துக்கொண்டால் ஜெயிப்பதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

ஐந்தாம் படி: பிள்ளைகளிடம் மாணவராகப் போங்கள்

இது எளிதில்லை. நாம் ஆட வந்தாலும் நடுவராகத்தான் வருகிறோம். "அப்படி இல்லை, இப்படி", "எங்கள் காலத்தில்", "மெதுவாக, விழுந்துவிடுவாய்". பிள்ளைகள் மரியாதைக்காக ஐந்து நிமிடம் இருந்துவிட்டு நழுவிவிடுவார்கள். ஆட்டத்தில் இருக்கும்வரை அறிவுரை கிடையாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கடைப்பிடிக்க மிகவும் கஷ்டப்பட்டேன், இன்னும் கஷ்டப்படுகிறேன்.

வேண்டுமென்றே தோற்காதீர்கள், பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும், வருத்தப்படுவார்கள். உண்மையாகத் தோற்றால் முகம் சுண்டாமல் காய்களை எடுத்து எண்ணிக் கொடுங்கள். அப்புறம் அவர்களுடைய ஆட்டம் ஒன்றைக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். என் பேரன் எனக்கு அட்டை வைத்து ஆடும் ஆட்டம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தான். சொல்லிக்கொடுக்கும்போது அந்த 6 வயதுப் பையனின் குரலில் வந்த பொறுமையைக் கேட்டிருக்க வேண்டும். "பரவாயில்லை ஆயா, எல்லாருக்கும் முதலில் இப்படித்தான் வரும்" என்றான்.

பதிலுக்கு நம்மிடம் விடுகதைகள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது, மின்சாரம் போன நேரத்தில், சோறு ஊட்டும்போது என்று எங்கும் போடலாம். "ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவர் கண்பட்டு உடைந்துபோனது, அது என்ன?" என்று கேட்டுவிட்டு விடையை ராத்திரிவரை சொல்லாதீர்கள். தேன்கூடு என்று அவர்களே கண்டுபிடித்து வந்து நம்மை எழுப்புவார்கள்.

ஆறாம் படி: வேடம் கட்டுங்கள்

வடாற்காட்டில் பிறந்தவர்களுக்கு இது ரத்தத்தில் இருக்கிறது. செய்யாறு பக்கத்துப் புரிசை முதல் இங்கே சிற்றூர்கள் வரை தெருக்கூத்து நடந்த மண் இது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் கதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும், கடைசி நாள் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தில் படுகளம் நடப்பதும் பார்க்காமல் வளர்ந்தவர்கள் நம் வயதில் குறைவு. மயானக் கொள்ளையன்று வேலூர்த் தெருக்களில் காளி வேடம் கட்டிப் பாலாற்றங்கரைக்குப் போகிறவர்களில் தலை நரைத்தவர்களும் இருப்பார்கள்.

சிறுவயதில் எங்கள் ஊருக்கு வந்த கூத்தில் கட்டியக்காரனாக, அதாவது கோமாளியாக, ஆடியவருக்கு 70 வயது இருக்கும். மாலையில் அவர் கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்து, மறு கையால் முகத்தில் வெள்ளை இழுத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கை நடுங்கியது. கோடு கோணியது, துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். ராத்திரி திரைக்குப் பின்னாலிருந்து அவர் துள்ளி வந்து மன்னனையே கேலி பேசியபோது, இது அதே ஆள்தானா என்று நான் என் நைனாவிடம் கேட்டேன்.

வள்ளிமலைக் கதையை நம் பகுதியில் எல்லோரும் அறிவோம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், மேற்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த மலை. வள்ளியைக் காண வந்த முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கடைசியில் கிழவனாக வந்தான். தேனும் தினைமாவும் வாங்கித் தின்றுவிட்டு, விக்கல் எடுக்கிறது, தண்ணீர் வேண்டும் என்று சுனைக்குக் கூட்டிப்போகச் சொன்னான். என்றும் இளையவன் என்று நாம் பாடும் தெய்வம், விளையாடுவதற்கு எடுத்துக்கொண்ட உருவம் நரை திரை விழுந்த உருவம். மலையேறிப் போனால் 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களும் உண்டு. அவற்றையும் பார்த்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து தேனும் தினைமாவும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டில் செய்ய எளிய வழி ஒன்று: கதையைப் படிக்காமல் நடித்துச் சொல்லுங்கள். ஒரு துண்டு போதும். தலையில் கட்டினால் ராஜா, தோளில் போட்டால் மந்திரி, இடுப்பில் கட்டினால் சமையல்காரன். நாங்கள் ஐந்து பெண்கள் புரட்டாசி மாதத்தில் ஒரு வீட்டில் கூடி, திரௌபதி வஸ்திராபரணத்தை ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டுப் படித்தோம். துரியோதனனாகப் படித்தவர் ஓய்வு பெற்ற செவிலியர். வாழ்நாள் முழுவதும் மெல்லப் பேசியவர் அன்று தொடை தட்டிச் சிரித்தார்.

கூத்துக்குப் போவதென்றால் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். ஜமக்காளம், போர்வை, ராத்திரி மாத்திரை, டார்ச் விளக்கு கையோடு இருக்கட்டும். விடியும்வரை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஏழாம் படி: மாதம் ஒரு முறை, காரணம் இல்லாமல் ஒரு பயணம்

கல்யாணம், காதுகுத்து, துக்கம், மருத்துவமனை, வேண்டுதல். இந்த ஐந்துக்கும் அல்லாமல் கடைசியாக எப்போது வெளியூர் போனீர்கள்? இனி மாதம் ஒரு நாள் வெறும் ஆசைக்காகப் போய் வாருங்கள்.

ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பலகை வருவதற்குள் அடுத்த பெயர் யார் என்று பஸ்ஸுக்குள் பந்தயம் வைக்கலாம். மேலே போனால் புங்கனூர் ஏரியில் படகு. நான் பார்க்கிறேன் என்று கரையில் நின்ற அதே துறையில், போன ஆவணியில் நான் துடுப்புப் போட்டேன். அமிர்தி வனப்பகுதி வேலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சோளிங்கருக்கு 1305 படி ஏற முடியாமல் ஏங்கியவர்களுக்கு இப்போது ரோப் கார் வந்துவிட்டது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு போகும் சில நிமிடங்களே தனி விளையாட்டு.

எல்லாவற்றையும் விட நான் வற்புறுத்திச் சொல்வது ஜவ்வாது மலைக் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1986இல் செயல்படத் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கு உள்ளது. 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த நோக்கீடுகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். நேரத்தையும் மேகமூட்டத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மலைக் காற்று குளிரும், சால்வை வேண்டும். கண்புரை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். வானம் பார்க்க மட்டுமல்ல, மேலே சொன்ன எல்லா ஆட்டங்களுக்கும் அது தேவை.

எட்டாம் படி: கூட்டாளி வேண்டும்

தனியாக ஆட முடியாது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு நேரம், ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது வியாழக்கிழமை மாலை 4 மணி, எங்கள் வீட்டுத் திண்ணை. யாராவது இரண்டு வாரம் வராவிட்டால் நாங்களே அவர் வீட்டுக்குக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். கணவரை இழந்த பெண்களைக் கும்மி வட்டத்துக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. யாரும் வாய்விட்டுத் தடுப்பதில்லை. கண்ணால் தடுக்கிறார்கள். அந்தப் பெண்ணும் தானாகவே சுவரோரம் போய் நின்று, நீங்கள் ஆடுங்கள், நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறாள். நான் அப்படி 5 வருடம் நின்றேன். அது துக்கம் இல்லை. துக்கத்தில் இருந்தபோது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, அதை நான் குறை சொல்லமாட்டேன். துக்கத்துக்கு அதன் காலத்தைக் கொடுத்தே தீர வேண்டும். நான் சொல்வது அதற்குப் பிறகு வந்த வருடங்களை. சிரிப்பு திரும்பி வந்த பிறகும் அதை முந்தானையில் மறைத்துக்கொண்ட வருடங்கள் அவை. உங்கள் வீட்டு விசேஷத்தில் அப்படி ஒருத்தி சுவரோரம் நின்றால், கூப்பிட்டு விட்டுவிடாதீர்கள். போய்க் கையைப் பிடித்து வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். என்னை அப்படிக் கொண்டுவந்தது என் நாத்தனார்.

ஆண்களுக்கு வேறு சிக்கல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பதவிப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆட்டத்துக்கு வரும்போது அதைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: ஆட முடியாத நாட்கள்

அவை வரும். முழங்கால் வீங்கும், காய்ச்சல் வரும், ஒரு கூட்டாளி போய்ச் சேர்ந்துவிடுவார். அன்று ஆட வேண்டாம். படுத்தபடியே ஒரு விடுகதை, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு தாயக்கட்டை, அதுவும் முடியாவிட்டால் சும்மா ஓய்வு.

ஆனால் பிடித்த எதிலும் ஆசை இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் விட்டுவிடக் கூடாது. அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. புத்தி சொல்லி, விளையாடக் கூப்பிட்டு அதைச் சரிசெய்ய முயலாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. பழகிய வழியை மறப்பது, பழகிய ஆட்டத்தின் விதியே திடீரென்று மறந்துபோவது போன்றவையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.

என் நோட்டில் போன வாரம் 6 கோடுகள். அவற்றில் 5 "உடம்பு". அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேத்தி இரண்டு பத்தி இழுத்து வைத்திருக்கிறாள், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. கோடை விடுமுறை முடிந்து அவள் சென்னைக்குக் கிளம்பியபோது அவள் 23, நான் 19. புளியங்கொட்டைகளை எண்ணி மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். 70க்கு ஒன்று குறைந்தது. கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்கும் என்றாள். பாயில் கையை ஊன்றி, ஒருக்களித்துக் குனிந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.